கணக்கு நோட்டைக் கேட்ட வழிகாட்டி

செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க அடமானமில்லாத வங்கிக் கடன் வேண்டுமென்றுதான் நான் பாரதிய யுவ சக்தி டிரஸ்டை அணுகினேன். ஆனால் அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்தவற்றுள் கடனைவிட மேலானது, எனக்கென்று அவர்கள் நியமித்த வழிகாட்டியின் துணை. ஜே.ஆர்.டி. டாட்டாவை முதல் தலைவராகக் கொண்டு 1992இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, கடனுக்குப் பரிந்துரைப்பதோடு நிற்பதில்லை. அனுபவமுள்ள ஒருவரைத் தன்னார்வ வழிகாட்டியாகச் சேர்த்துவைப்பதே இதன் முதுகெலும்பு.

இதற்கு முன்பு, கட்டணம் வாங்கும் பயிற்சியாளர் ஒருவரின் இரண்டு நாள் வகுப்புக்குச் சென்றிருந்தேன். பெரிதாகக் கனவு காணச் சொன்ன அவர், ஒரு லிட்டர் எண்ணெயின் அடக்கவிலை என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

என் வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே அதைத்தான் கேட்டார். உதிரிபாகத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டினால்தான் ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும் என்று நான் சொன்னதும், "மிச்சமிருக்கும் புண்ணாக்கை விற்ற பணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, தம்பி?" என்று நோட்டைப் புரட்டினார். அந்தப் பணத்தை நான் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்; என் உழைப்புக்கான கூலியையும் எழுதவில்லை. இரண்டையும் சேர்த்த பிறகுதான் எந்த விலைக்கு விற்றால் நட்டம் என்பது எனக்கு விளங்கியது. உத்யம் என்னும் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கு வாங்கியவர் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர்தான் எடுத்துக்காட்டினார். ஆயினும் வழக்கை நம்பாமல், வாரம்தோறும் பணம் தரும் கடைகளை முதலில் பிடிக்கச் சொன்னார்.

நான் நட்டப்பட்டாலும் இலாபம் பார்த்தாலும் தமக்கென எதுவும் இல்லாதவர் என்பதால் அவரிடம் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. சரக்கு விற்பவரோ பங்கு கேட்பவரோ வழிகாட்டியாக வந்திருந்தால் அந்த நோட்டை நான் முழுதாகக் காட்டியிருக்க மாட்டேன்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. 18 முதல் 35 வயது வரையிலான இளைஞர்களுக்காகவே இந்த அமைப்பு ஏற்பட்டது. மேலும், தன்னார்வலரின் நேரம் அளவானது. மாதக் கணக்கை எழுதி முடிக்காமல் அவர் முன் போய் உட்காருவதில் பயனில்லை.