தரைக்கடியில் பைப் கசிந்தால்: காதா, வாயுவா, கடப்பாரையா?

தரையில் ஈரம் கண்டதும், ஈரம் தெரிகிற டைல்ஸைத்தான் முதலில் உடைக்கிறார்கள். பல சமயம் ஓட்டை அங்கே இருப்பதில்லை. கசிந்த தண்ணீர் பைப் புதைத்த பள்ளத்தோடு ஓடி, தரை எங்கே வழிவிடுகிறதோ அங்கே தலைகாட்டும். எனவே கடப்பாரைக்கு முன்னால் தேடும் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவே இல்லாத வழி மீட்டர். முதலில் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் உணவு நிறமி கலந்து அரைமணி நேரம் விடுங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் இறங்கினால் கசிவு அங்கேதான். அது சரியாக இருந்தால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பல மீட்டர்களில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமோ பல்சக்கரமோ இருக்கும். மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அது மெல்லச் சுற்றும். சுற்றினால், வீட்டுக்குள் லைன் நுழையும் இடத்து வால்வை மூடுங்கள். நின்றுவிட்டால் கசிவு வீட்டுப் பக்கம். நிற்காமல் சுற்றினால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே, அந்த வால்வு முழுசாக மூடுகிறது என்றால். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் லைனைப் பற்றி மீட்டர் சரியாகச் சொல்லாது. அதற்குத் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பார்ப்பதுதான் வழி. கழிவுநீர் லைன் கசிவு இரண்டிலுமே தெரியாது.

கசிவு இருக்கிறது என்று மீட்டர் சொல்லும். எந்த லைனில் என்று ப்ரெஷர் டெஸ்ட் சொல்லும். ஒவ்வொரு லைனாக முனையை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள்ளைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் பைப் அழுத்தத்தில் லேசாக விரிவதால் முள் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி நிற்கும்; அதைக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது. விடாமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

இடத்தைப் பிடிப்பதில்தான் உண்மையான போட்டி. தரையில் மைக் வைத்துக் கசிவின் இரைச்சலைக் கேட்கும் முறை இரும்பு, செம்புப் பைப்களுக்கு அருமையானது. உலோகம் ஒலியைத் தூரம் கடத்தும். சுற்றுச் சத்தம் அடங்கிய இரவில் இன்னும் நன்றாகக் கேட்கும். பிவிசி, சிபிவிசி போன்ற பிளாஸ்டிக் பைப்களில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும், அழுத்தம் குறைவாக இருந்தால் கேட்கவே கேட்காது. அங்கே நான் வாயு முறையைத்தான் சொல்வேன். லைனைக் காலிசெய்து, 5% ஹைட்ரஜனும் 95% நைட்ரஜனும் கலந்த, தீப்பற்றாத கலவையை ஏற்றுவார்கள். ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு. மண்ணையும் கான்கிரீட்டையும் ஊடுருவி மேலே வரும்போது சென்சார் பிடித்துவிடும். ஒரு குறை: டைல்ஸ் தரையில் வாயு இடுக்குகள் வழியாக வெளியேறுவதால், காட்டும் இடம் சற்றுத் தள்ளிப்போகலாம். தேட வருபவர் தரையில் துளை போட்டு உறுதிசெய்வாரா என்று கேளுங்கள்.

வெப்பக் கேமராவைப் பற்றிப் பலருக்கும் மிகையான நம்பிக்கை. அது தரைக்குள் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். வெந்நீர் லைனுக்குச் சரி, குளிர்ந்த நீர் லைனுக்கு அதை மட்டும் நம்பி உடைக்காதீர்கள்.

சரிசெய்வதில் பைப்பின் வயதுதான் தீர்மானிக்கும். ஒழுங்கான பிளாஸ்டிக் லைனில் ஒரு எல்போ (வளைவு இணைப்பு) மட்டும் கசிந்தால், அந்த இடத்தை மட்டும் தோண்டி, வெட்டி, புதிதாக இணைத்தால் போதும். துருப்பிடித்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் ஒட்டுப்போடுவதை நான் ஒப்ப மாட்டேன். ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த மெலிந்த இடம் கசியும். ஒவ்வொரு முறையும் தரை உடையும். அந்த லைனைக் கைவிட்டு, சுவரோரமாகக் கண்ணுக்குத் தெரியும்படி புது லைன் இழுப்பதே மேல். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் அடுத்த கசிவு அன்றே தெரிந்துவிடும்.

தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம். சப்ளை நின்று லைனில் அழுத்தம் இல்லாதபோது, வெளியே தேங்கிய அழுக்குநீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். குடிக்கிற தண்ணீர் கெடும். வேலை முடிந்ததும், ஒட்டு நன்றாக இறுகியபின் மறுபடி ப்ரெஷர் டெஸ்ட் செய்து, முள் நிற்பதைப் பார்த்த பிறகே பள்ளத்தை மூடச் சொல்லுங்கள்.