ரியாக்‌ஷன் வீலும் காந்தத் தண்டும்: ஆண்டுக்கணக்கில் ஓட்டியபின் தெரிபவை

சிறு செயற்கைக்கோளுக்கு (இனிமேல் கோள்), தான் ஒரு பக்கம் சுழன்று அதை மறுபக்கம் திருப்பும் சக்கரமான ரியாக்‌ஷன் வீல் வாங்கும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் போவது விவரத்தாளில் இருக்கும் திருப்புவிசை எண்மேல்தான். சுற்றுப்பாதையில் ஓராண்டு ஓடிவிட்டால் அந்த எண்ணைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வேலையே வராது. 3 யூனிட் கியூப்சாட் (10 சென்டிமீட்டர் கனசதுரம் மூன்றை அடுக்கிய அளவுள்ள கோள்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 4 கிலோ, குறுக்கு அச்சில் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) ஏறக்குறைய 0.04 கிலோகிராம் சதுர மீட்டர். அதை நொடிக்கு 1 பாகை வேகத்தில் திருப்ப வேண்டிய கோண உந்தம் 0.7 மில்லிநியூட்டன் மீட்டர் நொடி. 1 மில்லிநியூட்டன் மீட்டர் தரும் சிறிய சக்கரமே இதை முக்கால் நொடிக்குள் கொடுத்துவிடும். ஆகத் திருப்புவிசை போதாமல் தவிப்பது அரிது. சக்கரம் நிரம்பிப்போவதும் பேரிங் தேய்வதும்தான் நடைமுறைத் தலைவலி.

நிரம்புவது எப்படி என்று பார்ப்போம். வெளியிலிருந்து வரும் திருப்பலைத் தாங்கத் தாங்கச் சக்கரத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகும். 500 கிலோமீட்டர் உயரத்தில் இந்த அளவுள்ள கோளைத் தள்ளும் வெளிவிசைகளில், பலரும் கணக்கில் எடுக்க மறப்பது கோளின் சொந்தக் காந்தத்தை. பேட்டரி ஒயரிங், சோலார் பேனல் மின்சுற்று, நிக்கல் பூசிய கனெக்டர் என எல்லாம் சேர்ந்து 0.01 ஆம்பியர் சதுர மீட்டர் எஞ்சிய காந்தம் தங்கிவிட்டால், 40 மைக்ரோடெஸ்லா புவிக்காந்தப் புலத்தில் 0.4 மைக்ரோநியூட்டன் மீட்டர் கிடைக்கும். புவியீர்ப்பு வேறுபாட்டால் வரும் திருப்புவிசை இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. இந்த 0.4-இல் கால்பங்கு மட்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போனால் நாளொன்றுக்கு 8.6 மில்லிநியூட்டன் மீட்டர் நொடி ஆகிறது. 10 மில்லிநியூட்டன் மீட்டர் நொடி கொள்ளும் சக்கரம் ஒன்றேகால் நாளுக்குள் உச்ச வேகத்தைத் தொட்டு நிற்கும். அதற்குமேல் அந்த அச்சில் கட்டுப்பாடு கிடையாது. எனவே சோலார் பேனலின் பின்பக்கத்தில் மின்னோட்டம் திரும்பும் பாதையை முன்பாதைமேல் அப்படியே படியவைத்து, வளையத்தின் பரப்பைக் குறைப்பது, பெரிய சக்கரம் வாங்குவதைவிட மலிவான, நல்ல வைத்தியம்.

சேர்ந்ததை வெளியே கொட்டுவது காந்தத் தண்டின் வேலை: மின்னோட்டம் கொடுத்தால் காந்தமாகி, புவிக்காந்தப் புலத்தைப் பிடித்துக் கோளைத் திருப்பும் சுருள் அது. 0.2 ஆம்பியர் சதுர மீட்டர் தண்டு, 30 மைக்ரோடெஸ்லா புலத்தில் 6 மைக்ரோநியூட்டன் மீட்டர் தரும். மேலே சொன்ன ஒரு நாள் சேமிப்பைக் கொட்ட, கணக்குப்படி 24 நிமிடம். நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஏனென்றால் காந்தத் திருப்புவிசை எப்போதும் புலத்துக்குச் செங்குத்தாகவே கிடைக்கும்; புலத்தின் திசையில் சேர்ந்த உந்தத்தை அந்த நேரத்தில் தொடவே முடியாது. கோள் சுற்றிச் சென்று புலம் திசை மாறும்வரை காத்திருக்க வேண்டும். இதனால் நிரம்பும்வரை விட்டுவிட்டுக் கொட்டுவதைவிட, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருப்பது நல்லது.

தண்டு ஓடும்போது, புவிக்காந்தத்தை அளக்கும் காந்தமானி பொய் சொல்லும். இரண்டையும் மாற்றி மாற்றி இயக்குவதே வழக்கம். 1 நொடிச் சுழற்சியில் முதல் 700 மில்லிநொடி தண்டு. பிறகு மின்னோட்டத்தை நிறுத்தி, சுருளில் அது முழுதாக இறங்கும்வரை விட்டு, கடைசிப் பகுதியில் அளவீடு. அவசரப்பட்டு உடனே அளந்தால் எண்கள் தண்டின் வாலையே காட்டும். சுருளுக்குள் காந்த உலோகம் வைத்த உள்ளகத் தண்டுகளில் இன்னொரு தொல்லை: மின்னோட்டம் பூச்சியமான பிறகும் கொஞ்சம் காந்தம் தங்கும், அதன் குறி (நேரா எதிரா என்பது) கடைசியாகக் கொடுத்த கட்டளையைப் பொறுத்தது. உள்ளே உலோகம் இல்லாத காற்றகச் சுருளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதே வலுவுக்குப் பரப்போ மின்சாரமோ அதிகம் கேட்கும். காந்தமானியை நீட்டும் கம்பத்தில் வைக்க இடமிருந்தால் தண்டே என் தேர்வு. இடமில்லையென்றால் காற்றகச் சுருள்.

குறி தவறுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் கோளின் உருளலை அடக்கும் கட்டுப்பாட்டு விதி மிக எளியது: காந்தப்புலம் மாறும் வேகத்துக்கு எதிராகத் தண்டைக் காந்தமாக்கு. ஒரு கனெக்டரில் இரண்டு ஒயர் இடம் மாறினால் அதே விதி உருளலை வளர்க்கும். மென்பொருள் சோதனையில் இது பிடிபடாது, ஏனென்றால் கணினி மாதிரியில் ஒயர் கிடையாது. முழுக் கோளையும் கட்டி முடித்தபின், ஒவ்வொரு தண்டுக்கும் நேர்க்கட்டளை கொடுத்து, அதன் முனையருகே சாதாரணத் திசைகாட்டியைப் பிடித்து, முள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுதிவைக்க வேண்டும். சக்கரத்துக்கும் இதேபோல: நேர்க்கட்டளை கொடுத்தால் சக்கரம் ஒரு திசையில் சுழலும், கோள் எதிர்த்திசையில் திரும்பும், மென்பொருள் இதில் எதை "நேர்" என்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஜப்பானின் ஹிட்டோமி விண்வெளித் தொலைநோக்கி 2016 மார்ச்சில் உடைந்துபோனது இந்த வகைப் பிழையில்தான் முடிந்தது. தான் சுழல்வதாகத் தவறாக நம்பிய கோள், அதை நிறுத்தச் சக்கரங்களை ஓட்டி நிஜமாகவே சுழலத் தொடங்கியது. பிறகு உதவிக்கு வந்த உந்துபொறிகள், தவறான கட்டுப்பாட்டு எண்களோடு எரிந்து சுழற்சியை மேலும் ஏற்றின.

இனிச் சக்கரத்தின் வேகம். மூன்று சக்கரம் மட்டும் இருந்தால் ஒவ்வொன்றும் நாளில் பலமுறை பூச்சியத்தைக் கடக்கும். கடக்கும் கணத்தில் நிலை உராய்வு பிடித்துக்கொள்கிறது. சக்கரம் நிற்கிறது, கட்டுப்பாட்டுக் கணக்கில் பிழை சேர்கிறது, பிறகு ஒரே துள்ளலாக விடுபடுகிறது. கோள் எடுக்கும் படத்தில் அது ஒரு சிறு நெளிவாகத் தெரியும். துள்ளலைவிடக் கெடுதலானது, மிகக் குறைந்த வேகத்தில் பேரிங்கின் குண்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே மசகுப் படலம் உருவாகாமல் உலோகம் உலோகத்தைத் தேய்ப்பது. நான்கு சக்கரங்களைப் பிரமிடு வடிவில் வைத்தால் இதற்கு அருமையான தீர்வு கிடைக்கிறது: 1, 3 ஒரு திசையிலும் 2, 4 எதிர்த்திசையிலும் ஒரே வேகத்தில் ஓடினால் மொத்த உந்தம் பூச்சியம். நிமிடத்துக்கு 2000 சுற்றை அடிப்படை வேகமாக வைத்து, அதற்கு இருபுறமும் ஏற்றி இறக்கினால் பூச்சியத்தைத் தொடவே வேண்டாம்.

அடிப்படை வேகத்தை இஷ்டத்துக்கு உயர்த்தவும் கூடாது. 0.1 கிராம் மில்லிமீட்டர் சமநிலைக் குறை உள்ள சக்கரம் 3000 சுற்றில் 0.01 நியூட்டன் அதிர்வு கொடுக்கும். 6000-இல் நான்கு மடங்கு, ஏறக்குறைய 0.04. 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 அதிர்வு, பல சிறு கோள்களின் சட்டகம் ஒத்ததிரும் இடத்துக்கு அருகே வரும். அதிர்வு மேசைச் சோதனையில் கிடைத்த ஒத்ததிர்வு எண்களை 60-ஆல் பெருக்கி, அந்த வேகங்களைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுங்கள்.

சக்கரத்தின் உடல்நிலையைச் சொல்லும் ஒரே நம்பகமான எண் உராய்வு. சீரான வேகத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வெப்பநிலையோடு சேர்த்துப் பதியுங்கள். குளிரில் கிரீஸ் தடித்து மின்னோட்டம் ஏறுவது இயல்பு, நோய் அல்ல. மாதம் ஒருமுறை மோட்டாரை விடுவித்துத் தானாக வேகம் இறங்கவிட்டு நேரம் எடுங்கள். நிலைமத் திருப்புத்திறன் 1.6×10⁻⁵ கிலோகிராம் சதுர மீட்டர் கொண்ட சக்கரம் 3000-இலிருந்து 2000 சுற்றுக்கு இறங்க 17 நொடி எடுத்தால், உராய்வு 0.1 மில்லிநியூட்டன் மீட்டர். அந்த 17 நொடியில் கோளுக்குள் இறங்கும் உந்தம், தடுக்காவிட்டால், கோளை நொடிக்கு 2.4 பாகை சுழலவைக்கும். மற்ற மூன்று சக்கரங்கள் தாங்கும்படி ஏற்பாடு செய்தபிறகே சோதனை. உராய்வு மெல்ல ஏறினால் மசகு தீர்கிறது. காரணமின்றித் திடீரென்று ஏறி, சில மணி நேரத்தில் தானே இறங்கினால், குண்டுகளை இடைவெளிவிட்டுப் பிடித்திருக்கும் பேரிங் கூண்டு ஆட்டம் போடுகிறது. அப்போது வேக வரம்பை மாற்றிப் பாருங்கள், பலமுறை அடங்கும்.

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 4 சக்கரங்களோடு 2009-இல் போனது. 2012 ஜூலையில் ஒன்று, 2013 மே மாதம் இன்னொன்று நின்றன. இரண்டாவது நிற்குமுன் அதன் உராய்வு ஏறியிருந்தது. மீதி இரண்டையும் உந்துபொறியையும் வைத்து, சூரிய ஒளியழுத்தம் சமமாக விழும்படி கோளைத் தன் சுற்றுப்பாதைத் தளத்தோடு சாய்த்து, 2018 வரை வேலை வாங்கினார்கள். இத்தகைய பழுதுகளுக்குச் சொல்லப்படும் வலுவான விளக்கம், சூரியப் புயலின்போது எஃகுக் குண்டுகள் வழியே பாயும் நுண்பொறிகள் ஓடுபாதையைக் குழியாக்குகின்றன என்பது. பீங்கான் குண்டில் மின்சாரம் பாயாது. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

பெரிய கோள்களில் சக்கரத்தைச் சீரான வேகத்தில் ஓட்டி, அதன் அச்சைச் சாய்த்துத் திருப்புவிசை பெறும் கைரோ வகை உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் நான்கு கைரோக்களும் நிமிடத்துக்கு 6600 சுற்றில் ஓடுகின்றன. 2002-இல் ஒன்றின் பேரிங் கெட்டு, 2005-இல் விண்வெளி வீரர்கள் வெளியே சென்று மாற்றினார்கள். ஆழ்விண்வெளியில் புவிக்காந்தம் இல்லை, அங்கே உந்தத்தைக் கொட்ட எரிபொருள்தான்.

ஏவும்முன் அலமாரியில் மாதக்கணக்கில் காத்திருக்கும் சக்கரத்தை ஒரே நிலையில் வைக்க வேண்டாம். மசகு கீழ்ப்பக்கம் இறங்கும். மாதம் ஒருமுறை சில நிமிடம் மெதுவாக இரு திசையிலும் ஓட்டி, இழுத்த மின்னோட்டத்தையும் அறை வெப்பத்தையும் அதன் அட்டையில் எழுதுங்கள். சுற்றுப்பாதையில் முதல் நாள் எடுக்கும் அளவீட்டை ஒப்பிட அந்த அட்டை மட்டுமே கையில் இருக்கும்.