ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா (கே. 141): ஸ்காட் ராஸ் வாசிப்பில்

இந்த சொனாட்டாவை (வாத்தியத்துக்கான சிறு இசைப்படைப்பு; கே. 141 என்பது கிர்க்பாட்ரிக் பட்டியலில் அதன் எண்) பியானோவில் மட்டுமே கேட்டிருப்பவர்கள், பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் ஸ்காட் ராஸ் என்ற கலைஞர் செய்த பதிவையும் அவசியம் கேட்க வேண்டும். இசையமைப்பாளர் டொமினிகோ ஸ்கார்லாட்டியின் முந்நூறாவது பிறந்த ஆண்டான 1985-ஐ ஒட்டி, அவருடைய 555 சொனாட்டாக்களையும் பதிவு செய்தபோது வாசித்தது இது. மொத்தத் தொகுப்பு 34 குறுந்தகடுகள். அத்தனையையும் வாங்கச் சொல்லவில்லை, இந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

வலது கை ஒரே சுரத்தை விடாமல் அடித்துக்கொண்டே வரும். ஒரே விரலால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஒரு விரல் விலகும்போதே அடுத்த விரல் அதே கட்டையில் இறங்கியாக வேண்டும். பொதுவாகக் கேட்பவர்கள் வியப்பது இந்த வித்தையைத்தான். எனக்கோ இடது கைதான் உயிர். அடுத்தடுத்த கட்டைகளையும் சேர்த்து அழுத்தும் அடர்த்தியான சுரக்கூட்டுகள் அங்கே வந்து விழுகின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன.

ஹார்ப்சிகார்டில் தந்தியைச் சிறு அலகு ஒன்று சுண்டுகிறது. கட்டையை ஓங்கி அழுத்தினாலும் ஒலி கூடாது. ஒலி கூட வேண்டுமென்றால் சுரங்களைக் கூட்ட வேண்டும், ஸ்கார்லாட்டி செய்திருப்பது அதைத்தான். அந்த உரசல் ஹார்ப்சிகார்டில் பளிச்சென்று வெடித்து உடனே அடங்கிவிடுகிறது. காதில் தாளம் மட்டும் மிஞ்சுகிறது. பியானோவில் ஒலியை நீட்டிக்கும் மிதியை அழுத்தி விரைபவர்களிடம் அதே இடம் குழம்பிப்போகிறது. பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச்சின் மின்னல் வேகம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அதில் என் காது வலது கையின் பின்னாலேயே ஓடிவிடுகிறது. ராஸிடம் இரண்டு கைகளும் சரிசமமாகப் பேசுகின்றன.

நேப்பிள்ஸில் பிறந்த ஸ்கார்லாட்டி, தன் மாணவியான போர்த்துகீசிய இளவரசி மரியா பார்பரா மணமாகி ஸ்பெயினுக்குப் போனபோது தானும் உடன் சென்று, 1757-இல் மாட்ரிட்டில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். இந்த இடது கையில் ஸ்பானிய கிதாரை விரல்களால் வாரி மீட்டும் ஓசை இருப்பதாகப் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

கேட்கும்போது ஒலியளவைக் குறைத்து வையுங்கள். ஹார்ப்சிகார்ட் இயல்பிலேயே மெல்லிய குரலுடையது. உரக்க வைத்தால் தந்தியின் உலோகச் சத்தம் காதைக் குத்தும். இந்த சொனாட்டாவின் இரண்டு பகுதிகளும் திரும்ப வரும் என்பதால், முதல் முறை வலது கையையும் மறுமுறை இடது கையையும் கவனித்துப் பாருங்கள்.