சென்-தெனி முனை பார்: வெல்லும் நாளுக்கு 3 நட்சத்திரம், தோற்கும் நாளுக்கு 5

பாரிஸுக்கு வடக்கே சென்-தெனியில், மெற்றோ 13ஆம் லைனில் போர்த் து பரி ஸ்டேஷனில் இறங்குங்கள். ஸ்தாத் து பிரான்ஸ் என்கிற பெரிய விளையாட்டு மைதானத்துக்குப் போகிற சனம் ஒரு பக்கம் நடக்கும். நீங்கள் மற்றப் பக்கம் திரும்பினால் கொஞ்சத் தூரத்தில் ஒரு தெரு முனையில் சிவப்புப் பந்தல் போட்ட பார் இருக்கிறது. கடையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். பத்ரோனின், அதாவது கடை முதலாளியின், முகத்தில் நான் திரும்பவும் முழிக்கவேண்டும். அந்தப் பக்கம் வேலை செய்கிற எங்கடை பெடியளுக்கு எந்தக் கடை என்று விளங்கும்.

2023 றக்பி உலகக் கிண்ணத்தில் இரண்டு காலிறுதி ஆட்டங்களை நான் இங்கே இருந்துதான் பார்த்தேன். ஒக்டோபர் 14, சனிக்கிழமை, அயர்லாந்தும் நியூசிலாந்தும். மறுநாள் பிரான்ஸும் தென்னாபிரிக்காவும். இரண்டும் இரவு 9 மணி ஆட்டம், இரண்டும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற அந்தப் பெரிய மைதானத்தில். டிக்கெற் விலை குசினிக்காரன் சம்பளத்துக்குச் சரிவராது, அதனால் பார். சனிக்கிழமை கடை முழுக்கப் பச்சைச் சட்டை, ஞாயிறு முழுக்க நீலச் சட்டை. இரண்டு இரவும் கடை நிறைந்த ஆக்களின் அணிதான் தோற்றது. ஆகவே தோற்றுப்போனவர்கள் உட்கார்ந்திருக்கத் தோதான இடமா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெல்லுகிற அன்றைக்குக் கதிரை உடைந்திருந்தாலும் ஒருவரும் கவனிக்கப் போவதில்லை.

பாரிஸில் இருக்கிற எங்கடை ஆக்களுக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். றக்பி என்றால் "அந்த முட்டைப் பந்தோ?" என்பார்கள். நான் வளர்ந்தது கண்டியில். அங்கே நித்தவெல மைதானத்தில் கண்டிக் கழகம் விளையாடுகிற நாளில் எங்கள் வீதிக் கடைகளில் வேறு கதை இராது. திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயலுக்கும் நடக்கிற பிராட்பி கேடயத்துக்காக வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அதனால் பிரெஞ்சுக்காரனுக்குக்கூட நான் றக்பிச் சட்டம் சொல்லிக்கொடுப்பேன். உண்மையில் சொல்லியும் கொடுத்தேன். பத்ரோன் ஒரு கபில்காரர், அல்ஜீரியாவின் மலைநாட்டு ஆள், உதைபந்துக்கு உயிரை விடுவார், றக்பி ஒரு சொட்டும் தெரியாது. என்னை "ஷெஃப்" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு விசிலுக்கும் கவுண்டருக்கு மேலாலே எட்டி, "ஷெஃப், இப்ப ஏன் நிப்பாட்டினவன்?"

முதலில் குறை. திரை பெரிது, படம் துப்புரவு, ஆனால் ரிவியை இன்டர்நெட் பெட்டியில் போட்டிருந்தார். மற்ற ஊர்க் கடைகளில் இதை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இங்கே மைதானமே பக்கத்தில். கதவு திறந்திருந்தால் 80,000 பேரின் இரைச்சல் நேரே உள்ளே வருகிறது, படமோ அரை நிமிஷம் போலப் பிந்தி வருகிறது. சனிக்கிழமை முதல் இருபது நிமிஷத்திலேயே நியூசிலாந்து 13–0 என்று போய்விட்டது. அந்த ஒவ்வொரு புள்ளியையும் பச்சைச் சட்டைக்காரர் இரண்டு தடவை அனுபவித்தார்கள், ஒருக்கால் காதால், ஒருக்கால் கண்ணால். பிறகு அயர்லாந்தின் பண்டி ஆக்கி ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் பதிப்பது) வைத்தபோது வெளியில் கூரை பறக்கிற சத்தம், உள்ளே திரையில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. அப்போது சிரித்தார்கள். அது சிரிக்கக்கூடிய நேரம்.

அயர்லாந்துக்காரரின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கடையைப் பற்றிச் சொல்வது விளங்காது. இந்த ஆட்டத்துக்கு வரும்போது அவர்கள் தொடர்ந்து 17 ஆட்டம் வென்றிருந்தார்கள். மூன்று கிழமைக்கு முதல் இதே மைதானத்தில் தென்னாபிரிக்காவை 13–8 என்று அடித்திருந்தார்கள். உலகத் தரவரிசையில் முதலிடம். ஆனால் உலகக் கிண்ணத்தில் காலிறுதியைத் தாண்டினதே கிடையாது. 1987இல் தொடங்கி அதற்கு முதல் ஏழு காலிறுதியில் தோல்வி. 38 வயது அணித் தலைவர் ஜொனி செக்ஸ்டனுக்கு இதுதான் கடைசி உலகக் கிண்ணம். பக்கத்து மேசையில் இருந்த லிமெரிக் மனுசி ஒருத்தி, அறுபது வயதிருக்கும், ஆட்டம் தொடங்க முதலே என்னிடம் சொன்னா: "நாங்கள் தோக்க வரேல்லை, ஆனால் தோக்கிறது எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியும்."

28–24, நியூசிலாந்து முன்னுக்கு. கடைசி ஐந்து நிமிஷத்துக்கு மேலே அயர்லாந்து பந்தை விடவே இல்லை. பிடிப்பது, விழுவது, எழும்புவது, திரும்பவும் பிடிப்பது என்று 37 தடவை. கடைக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை. வெளியில் மைதானத்தின் இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. வாசலில் சிகரெட்டோடு நாலைந்து பேர். திடீரென்று அந்த இரைச்சல் அறுந்தது. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களின் முகத்தைப் பார்த்தே உள்ளே இருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது. ஆனால் திரையில் பச்சைச் சட்டைகள் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. நியூசிலாந்தின் சாம் வைற்லொக் பந்தைப் பறிக்கப் போகிறார் என்று தெரியாமலே, தெரிந்தும், அரை நிமிஷம் எல்லாரும் பார்த்தோம். ஒரு கடை தன் வாடிக்கையாளருக்குச் செய்யக்கூடிய கொடுமை இதைவிட வேறில்லை. இதற்காக இரண்டு நட்சத்திரம் வெட்டலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு பத்ரோன் செய்ததால்தான் இதை எழுதுகிறேன். நியூசிலாந்துக்காரர் கட்டிப்பிடிக்கத் தொடங்கியதும் மனுசன் சத்தத்தை முழுதாகக் குறைத்தார். ஆனால் திரையை நிற்பாட்டவில்லை, செக்ஸ்டன் மைதானத்தைச் சுற்றி வருவதை அவர்கள் பார்க்கட்டும் என்று. பாட்டுப் போடவில்லை. பல கடைகளில் இந்த இடத்தில்தான் பிழைக்கும்: ஆட்டம் முடிந்த கையோடு டிஜே பாட்டு, அல்லது கதிரையைத் தூக்கி மேசையில் கவிழ்த்து வைக்கிற வேலை. இவர் கவுண்டரில் இருந்து சின்னச் சின்னப் பீங்கான்களில் ஒலிவ் காயும் கடலையும் கொண்டுவந்து மேசை மேசையாக வைத்துக்கொண்டு போனார். ஒருவரும் கேட்கவில்லை, அவரும் ஒரு கதை சொல்லவில்லை. என்னிடம் வந்து மட்டும் குனிந்து, "ஷெஃப், இவை எல்லாரும் இவ்வளவு தூரம் பிளேனில வந்தவையோ?" என்று கேட்டார்.

மூலையில் கறுப்புச் சட்டையோடு இரண்டு நியூசிலாந்துப் பெடியள் இருந்தார்கள். அவ்வளவு நேரமும் வாயே திறக்காமல் இருந்தவர்கள், எழும்பிப் போகவும் வெட்கம், இருக்கவும் பயம் என்கிற மாதிரி. லிமெரிக் மனுசி தானாக எழும்பிப் போய்க் கை கொடுத்தா. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெடியள் ஒரு சுற்று பியர் வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கிரான்பெரிஸ் என்கிற அயர்லாந்துப் பாட்டுக் குழுவின் பாட்டு, கடை அதிரும்படி. வெல்லுகிற நாளுக்கென்று வைத்திருந்த பாட்டைத் தோற்ற இரவில் இவ்வளவு உரக்கப் பாடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நியூசிலாந்தின் ஜோர்டி பாரெற் மட்டும் அயர்லாந்தின் கெல்லஹரின் அடியில் கையைக் கொடுத்துப் பந்து நிலத்தில் படாமல் தடுத்திராவிட்டால் என்று ஒருவர் தொடங்க, மற்றவர் அவருடைய வாயில் கடலையைப் போட்டார். நடுவர் வெய்ன் பார்ன்ஸைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது, ஆனால் அது ஒரு பியரோடு முடிந்துவிட்டது.

ஆட்ட நாளில் பிளாஸ்டிக் குவளைதான், ஒன்றுக்கு ஒரு யூரோ பிணை. போகும்போது அந்த மனுசி தன் மேசைக் குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தா, பிணைக் காசை வாங்கவில்லை. பின்னால் வந்த எல்லாரும் அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். பரிமாறுகிற பெடியன் அதை எண்ணிய வேகத்தைப் பார்க்கவேண்டும்.

சாப்பாடு: சுருக்கமாகச் சொல்கிறேன், என் தொழில் என்பதால் நீட்டினால் பொறாமை என்பீர்கள். மெர்கேஸ் (உறைப்பான வட ஆபிரிக்க சொசேஜ்) சான்ட்விச் நல்லது, இறைச்சிக் கடையில் வாங்கின சாமான், பெட்டியில் வந்தது இல்லை. உருளைக்கிழங்குப் பொரியல் முதல் பாதி வரைக்கும் நல்லது. இடைவேளைக்குப் பிறகு எண்ணெய் களைத்துவிடும், கறுக்கும், மணக்கும். பியர் சாதாரண நாளைவிட ஒன்றரை யூரோ கூட. கழிவறை ஒன்றே ஒன்று. இடைவேளையில் போக நினைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கூரையில் இருந்து ஒரு கறுப்பு வயர் யன்னலுக்குள்ளால் இறங்கியிருந்தது. பத்ரோன் மத்தியானம் முழுக்க நின்று பழைய அன்ரெனாவை ரிவிக்குக் கொழுவியிருக்கிறார். படத்தின் மினுக்கம் கொஞ்சம் குறைவு, ஆனால் மைதானச் சத்தமும் திரையும் கிட்டத்தட்டச் சேர்ந்து வந்தன. கேட்காமலே குறையைத் திருத்துகிற கடை பாரிஸில் எத்தனை இருக்கிறது?

அன்றைக்கு என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவனையும் கூட்டிப் போனேன், பருத்தித்துறைப் பெடியன். "அண்ணை, முன்னுக்குப் போகவேணும் எண்டு சொல்லிப்போட்டு ஏன் பின்னுக்கு எறியிறாங்கள்?" என்றான். பதில் சொல்ல நேரமில்லை, அப்படி ஒரு முதல் பாதி: ஆளுக்கு மூன்றாக ஆறு ட்ரை. 22–19 என்று பிரான்ஸ் முன்னுக்கு. கன்னத்தெலும்பு உடைந்த அந்துவான் துயுப்போன் தலைக்கவசத்தோடு திரும்பி வந்திருக்கிறான், சொந்த மண், கிண்ணம் இந்தமுறை எங்களுக்குத்தான் என்று கடையே எழுந்து நின்றது. முடிவு 28–29.

விசில் ஊதியதும் மேசையில் கை அடிக்கிற சத்தம். பிறகு நடுவர் பென் ஓகீஃப்பின் பெயர், கெட்ட வார்த்தைகளின் நடுவில். தென்னாபிரிக்காவின் எட்ஸெபெத் கையால் தட்டின பந்துக்கு ஏன் ஊதவில்லை என்று கேட்டுக் கேட்டே குரல் அடைத்தது. இங்கே பத்ரோனுக்கு முதல்நாள் வைத்தியம் பலிக்கவில்லை. ஒலிவ் காயை ஒருவரும் தொடவில்லை. அவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. தன்னுடைய நாடு தோற்ற மாதிரி அவரே வாயைப் பிளந்து நின்றார். ரிவியில் நிபுணர்கள் கதைக்கக் கதைக்கக் கடையில் சூடு ஏறியது. அதை நிற்பாட்டியிருக்கவேண்டும்.

எனக்கு அந்த நடுவர் கதையில் முழு உடன்பாடு இல்லை. முதல் பாதியில் மோவாக்காவின் ட்ரைக்குப் பிறகு பிரான்ஸின் ரமோஸ் உதைத்த கன்வேர்ஷனை (ட்ரைக்குப் பிறகு கிடைக்கிற மேலதிக உதை), தென்னாபிரிக்காவின் செஸ்லின் கொல்பே கோட்டில் இருந்து பாய்ந்து வந்து பந்து எழும்ப முதலே மறித்தான். ரமோஸ் அசைந்த பிறகு ஓடத் தொடங்கலாம், அது சட்டம். அந்த உதைக்கு 2 புள்ளி. தோற்றது 1 புள்ளியால். இதை நான் சொன்னபோது முன்மேசைக்காரர், கொல்பே நேரத்துக்கு முதலே வெளிக்கிட்டுவிட்டான் என்று சண்டைக்கு வந்தார். பிறகு தென்னாபிரிக்கா அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் நியூசிலாந்தை 12–11 என்று முடித்தபோது அவர் என்ன சொன்னாரோ. ஒரு புள்ளி வெற்றி மூன்று தரம் அதிர்ஷ்டத்தால் வராது.

கவுண்டர் ஓரத்தில் தென்மேற்குப் பக்கத்து வயசாளி ஒருவர், பெரே தொப்பி, சிவப்பு வைன். அவர் மட்டும் ஓகீஃப்பைத் திட்டவில்லை. 2011 இறுதியில் நியூசிலாந்திடம் 7–8, அதுவும் ஒரு புள்ளி என்றார். 1995 அரையிறுதியில், டர்பன் மழையில், பிரான்ஸின் பெனாஸி கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்ததைக் கையால் கவுண்டரில் அளந்து காட்டினார், ஒரு சாண்கூட இல்லை. அதுவும் தென்னாபிரிக்காதான். பத்ரோன் அவருக்கு நிறைத்து ஊற்றிவிட்டுக் காசு வாங்கவில்லை. மற்றவர்கள் கால்மணிக்குள் போய்விட்டார்கள், ஆர்ஈஆர் புறநகர் ரயில் பிடிக்கவேண்டும், திங்கட்கிழமை வேலை. சொந்த வீட்டில் தோற்றவனுக்கு இருந்து பாட நேரம் கிடைப்பதில்லை. பிளேனில் வந்தவனுக்குத்தான் கிடைக்கிறது.

போகிறவர்களுக்கு: ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முதலே போய்க் கவுண்டர் பக்கத்துக் கதிரையைப் பிடியுங்கள், யன்னல் பக்கம் தெருவிளக்கு திரையில் அடிக்கும். 10 யூரோவுக்குக் குறைந்தால் கார்ட் எடுக்க மாட்டார், சில்லறை கொண்டுபோங்கள். பொரியலை இடைவேளைக்கு முதல் சொல்லுங்கள். உதைபந்து நாளில் போகவேண்டாம், அன்றைக்குப் பத்ரோன் ஒருவருக்கும் பரிமாற மாட்டார், அவரே பார்ப்பார்.