லீகல் ரிசோர்சஸ், செக்ஷன்27, செரி: ஜெயித்த பிறகு யார் கூட நிற்கிறார்கள்?

பெரியம்மா தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு வீட்டின் பின்கட்டில் பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். போன வருஷம் வீடு கைமாறியது. புது வீட்டுக்காரரின் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் என்று. பெரியம்மா அதை மடித்து, வாடகை ரசீதும் பென்ஷன் காகிதமும் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதுதான் எடுத்துக் காட்டினார். “கோர்ட் பேப்பர் தம்பி, கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றார். அது கோர்ட் பேப்பரே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒருவரைக் குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்ற முடியாது. அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, 1998இல் வந்த வெளியேற்றச் சட்டம் அதற்கு மேல் விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் முறையான நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது.

சரி, யாரிடம் போவது? குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டேன், ஆளுக்கொரு பொதுநல வழக்கு அமைப்பின் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர்களைத் துருவிப் படித்ததில் பெரியம்மா வீட்டு விஷயத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

முதலில் லீகல் ரிசோர்சஸ் சென்டர். 1979இல் ஆர்தர் சாஸ்கல்சன், பெலிசியா கென்ட்ரிட்ஜ், ஜெஃப் பட்லெண்டர் போன்றவர்கள் ஜோஹனஸ்பர்கில் தொடங்கியது. டர்பனிலும் அலுவலகம் உண்டு, நம் ஆட்களுக்கு அது பெரிய சௌகரியம். நிறவெறிக் காலத்தில் கொமானி, ரிக்கோட்டோ என்று இரண்டு வழக்குகளில், கறுப்பர்கள் நகரத்தில் தங்க அனுமதிச் சீட்டு கேட்ட பாஸ் சட்டத்தில், அதன் சொந்த வாசகத்தை வைத்தே ஓட்டை போட்டார்கள். ஊர்வலம் எதுவும் போகாமல், பொறுமையாக ஒரு பிரிவை எடுத்துப் பிரித்து, குடும்பங்கள் நகரத்தில் சேர்ந்து வாழ வழி செய்தார்கள். அந்தப் பாணி இன்னும் மாறவில்லை. டர்பன் வார்விக்கில் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காய்கறித் தோட்டக்காரர்கள் விடியற்காலையில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து கொட்டிய சந்தை, நூறு வயதை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 2009இல், மாநகராட்சி அங்கே மால் கட்டப்போகிறேன் என்றது. வியாபாரிகள் தெருவில் நின்றார்கள், இவர்கள் கோர்ட்டில் நின்றார்கள், திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது. 2015இல் இன்னொன்று: மாநகராட்சி ஆட்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போன ஒரு தெருவோர வியாபாரிக்காக வாதாடி, அந்தப் பறிமுதல் விதியே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று டர்பன் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். போன சரக்கின் மதிப்பு சில நூறு ராண்டுதான், உடைந்தது ஒரு நகரத்தின் விதி.

என் பார்வையில் இவர்களுடைய பலவீனமும் அதே இடத்தில்தான். தீர்ப்பு பெரிதாக வரும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் மனசு கனக்கும். வீடற்றவர்களின் வீட்டுரிமை பற்றி 2000இல் வந்த கிரூட்பூம் தீர்ப்பு உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். அந்த வழக்கில் நீதிமன்றத்தின் நண்பர்களுக்காக, அதாவது கட்சிக்காரராக இல்லாமல் கோர்ட்டுக்கு உதவ வந்தவர்களுக்காக, இவர்கள் நுழைந்து வீட்டுரிமை வாதத்தையே விரித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் டர்பனில் வளர்ந்த நீதிபதி ஸாக் யாகூப். ஆனால் உத்தரவை யார் மேற்பார்வை பார்ப்பது என்று அதில் பல் எதுவும் இல்லை. வழக்குக்குப் பெயர் தந்த ஐரீன் கிரூட்பூம் 2008இல் ஒரு தகரக் குடிசையில்தான் செத்துப்போனார்.

அடுத்தது செக்ஷன்27. எய்ட்ஸ் லா ப்ராஜெக்ட் என்ற பழைய அமைப்பிலிருந்து 2010இல் பிறந்தது. அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு, அதாவது சுகாதாரம், உணவு, தண்ணீர், சமூகப் பாதுகாப்பு, அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவின் முதல் பெரிய வழக்கு டர்பன்காரருடையது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். சிறுநீரகம் செயலிழந்த சுப்ரமணி (ஆவணங்களில் சூப்ராமனி) அடிங்டன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கேட்டு 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார், தோற்றார், சில நாளில் இறந்தும் போனார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் சாஸ்கல்சன். லீகல் ரிசோர்சஸை ஆரம்பித்த அதே மனிதர். முற்போக்கு வக்கீல்கள் நீதிபதிகளாகிக் கோர்ட்டையே பிடித்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

செக்ஷன்27 தீர்ப்போடு நிற்பதில்லை. லிம்போபோ மாகாணத்தில் 2012 பள்ளி ஆண்டு பாதி போயும் பாடப்புத்தகம் வரவில்லை. வழக்குப் போட்டார்கள். மே மாதம் நீதிபதி ஜோடி கொலாப்பன், புத்தகம் இல்லாதது அடிப்படைக் கல்வி உரிமை மீறல் என்று சொல்லி ஜூன் நடுவில் கெடு வைத்தார். (கொலாப்பன் ஒரு காலத்தில் லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் அமைப்பின் இயக்குநர், இப்போது அரசியல் சாசன நீதிமன்றத்தில்.) கெடு தாண்டியது. இவர்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள், மறுபடியும் போனார்கள், 2015 வரை விடவில்லை. கடைசியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புத்தகம் என்பது உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வாக்காகிவிட்டது. லைஃப் எசிடிமெனியிலும் அப்படித்தான்: மனநோயாளிகளை உரிமம்கூடச் சரியாக இல்லாத இடங்களுக்கு மாற்றி 144 பேர் இறந்த கொடுமையில், குடும்பங்களோடு நின்று, 2018இல் ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி மொசெனெகேயின் நடுவர் தீர்ப்பில் குடும்பத்துக்கு 12 லட்சம் ராண்ட் வாங்கினார்கள். குறை என்னவென்றால், கல்வியும் சுகாதாரமும்தான் இவர்கள் வட்டம். பெரியம்மா வீட்டு வாடகைக்கு அங்கே கதவு இல்லை.

மூன்றாவது, சமூகப் பொருளாதார உரிமைகளுக்கான நிறுவனம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் செரி, நம் காதில் பாதி சேரி என்றே விழும், வேலையும் குடிசைவாசிகளுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும்தான். இதுவும் 2010. இருப்பது ஜோஹனஸ்பர்கில், ஆனால் டர்பனின் குடிசைவாசிகள் இயக்கமான அபாலாலி பாஸெம்ஜொண்டோலோவுடன் நெருக்கம். 2011இல் ப்ளூ மூன்லைட் வழக்கில், தனியார் சொத்திலிருந்து வெளியேற்றினாலும் நடுத்தெருவில் நிற்கப்போகிறவர்களுக்கு மாநகராட்சி தற்காலிக இடம் தந்தாக வேண்டும் என்று நிலைநாட்டியது இவர்கள்தான். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன வழக்கு. சாலை போடுவதற்காக டர்பனின் சியாண்டா குடிசைப் பகுதியிலிருந்து கிளப்பி, நிரந்தர வீடு தருகிறோம் என்ற உத்தரவாதத்தோடு ரிச்மண்ட் ஃபார்ம் தற்காலிக முகாமில் 37 குடும்பங்களை அடைத்தார்கள். வீடு வரவில்லை. இவர்கள் மறுபடி வழக்குப் போட்டபோது நேராக டர்பன் மேயரையும் நகராட்சி மேலாளரையும் வீட்டுவசதி இயக்குநரையும் பதவிப் பெயரோடு பொறுப்பாக்கினார்கள். கோர்ட் உத்தரவைக் குப்பைத்தொட்டியில் போடுகிற அதிகாரிக்கு மாநகராட்சி என்ற பெயர் ஒரு போர்வை. அதை விலக்கிக் காட்டுகிற வித்தை எனக்குத் தெரிந்து இவர்களுக்குத்தான் நன்றாக வரும்.

கேப் டவுனில் விமன்ஸ் லீகல் சென்டர் இருக்கிறது, முஸ்லிம் திருமணங்களுக்கு அங்கீகாரம் கேட்டு 2022இல் வென்றார்கள். தாலி கட்டிப் பதிவு செய்யாத நம் பெண்கள் அந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மூக்குத்தி வழக்கைச் சொல்லாமல் விட்டால் டர்பன்காரர்கள் அடிப்பார்கள்: 2007இல் பள்ளிக்கு மூக்குத்தி போட்டுவந்த பெண்ணுக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது, அதில் நீதிமன்றத்தின் நண்பராக நின்றவர்களில் நேட்டால் தமிழ் வேதிக் சொசைட்டியும் ஒன்று. பெரிய மையங்கள்தான் எல்லாம் செய்யவேண்டும் என்று இல்லை.

வெளிநாட்டுப் பணம் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஃபோர்ட், அட்லாண்டிக் போன்ற அறக்கட்டளைகள் நிறையக் கொடுத்தது உண்மைதான். அந்தப் பணம் வற்றினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. ஒரு ஆறுதல், 2009இன் பயோவாட்ச் தீர்ப்புக்குப் பிறகு, அரசுக்கு எதிராக நியாயமான அரசியல் சாசன வழக்குப் போட்டுத் தோற்றாலும் பொதுவாக அரசின் செலவைத் தலையில் கட்டமாட்டார்கள். இந்தப் பயம் நீங்கியது சின்ன அமைப்புகளுக்கு உயிர்.

ஆக, என் கணக்கு இது. விதியையே உடைக்கவேண்டும், டர்பனிலேயே ஆள் வேண்டும் என்றால் லீகல் ரிசோர்சஸ். பள்ளி, ஆஸ்பத்திரி என்றால் யோசிக்காமல் செக்ஷன்27. ஒரு குடியிருப்பே காலியாகப் போகிறது, ஊர் ஒன்றாக நிற்கிறது என்றால் செரி. இரண்டை மட்டும் வைத்துக்கொள் என்றால் கடைசி இரண்டையும் வைத்துக்கொள்வேன், தீர்ப்புக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அதே கவுண்டருக்குப் போகிறவர்கள் அவர்கள்.

பெரியம்மா வழக்கு இவர்கள் யாருக்கும் போகவில்லை. ஒரு கிழவி, ஒரு பின்கட்டு, இதில் புதிய சட்டக் கேள்வி எதுவும் இல்லை. பல்கலைக்கழகச் சட்ட கிளினிக் ஒன்றில் மாணவி ஒருத்தி கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “ஆன்ட்டி, வாடகை ரசீது இருக்கா?” பெரியம்மா டின்னைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தார். பத்தொன்பது வருஷம், மாதத்துக்கு ஒன்று, ரப்பர் பேண்ட் போட்டு. அந்தப் பெண் எண்ண ஆரம்பித்தாள், நான் ஜெராக்ஸ் கடை எங்கே என்று விசாரிக்க வெளியே போனேன்.