அரை மணித்தியாலத்துக்குள் 12 பாட்டு: பிரான்சுவாஸ் ஆர்டியின் முதல் தட்டு

1962இல் பிரான்சின் வோக் இசைத்தட்டு நிறுவனம் இதை வெளியிட்டபோது பிரெஞ்சுப் பாடகி ஆர்டிக்கு வயது 18. அமெரிக்கப் பாட்டுகளுக்குப் பிரெஞ்சு வரி போட்டுப் பாடுவதே அங்கே வழமையாக இருந்த காலம். இதிலோ 12 பாட்டில் 10 அவரின் கைபட்டவை.

நிறுவனம் முதலில் நம்பியது 'ஓ ஓ செரி'யை. சனம் பிடித்துக்கொண்டதோ 'தூ லே கார்சோன் ஏ லே ஃபீய்'. 1962 ஒக்டோபர் 28 இரவு, சர்வசன வாக்கெடுப்பு முடிவுக்காகப் பிரான்ஸ் தொலைக்காட்சியின் முன் காத்திருந்த இடைவெளியில் அதைப் பாடினார். தன் வயதுப் பெடியனும் பெட்டையும் சோடி சோடியாகத் தெருவில் போக, தான் மட்டும் தனிய நடப்பதாகச் சொல்லும் பாட்டு. மெட்டு பெரிதாக ஏறி இறங்காது. ஒரே மெட்டே திரும்பத் திரும்ப வரும். குரலும் அழுது வடியாது. கவலையைக் கதைக்கிற மாதிரிப் பாடிவிட்டுப் போகிறார், அதுதான் பிடித்து இழுக்கிறது.

'லு தாம் து லமூர்' வேறு இனம். மெட்டுப் போட்டவர் ழாக் துத்ரோன். தொடக்கத்தில் வரும் கிற்றார் இழுப்பு ஒன்றே காசுக்குப் போதும். வேகப் பாட்டுகள் சில தேறவில்லை: 'ஸா ஆ ராத்தே'யில் பக்கவாத்தியம் கட்டையாக விழுகிறது. அந்த வாசிப்பில் ஆர்டிக்கே பின்னாளில் திருப்தியில்லை.

மூலப் பதிவு மோனோ, அதாவது இரு பக்க ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான். அம்பிளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அமத்துங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் இரு பக்கமும் ஒன்றையொன்று வெட்டிப் பாதி அடங்கும். பழைய தட்டென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்டபின் காசு கொடுங்கள். நடுவை நெருங்க நெருங்க ஊசிக்குக் கீழே தட்டு ஓடும் வேகம் குறையும், தேய்மானம் அங்கேதான் முதலில் காட்டும். 'ஸ', 'ஷ' ஒலிகள் கரகரத்தால் அந்தத் தட்டு வேண்டாம். நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும், நாலு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளில் பலவற்றுக்கு நடுத்துளை பெரிது, அடப்டர் தேவை. சூட்கேஸ் பிளேயரின் பாரமான ஊசியில் நல்ல பிரதியைப் போடாதீர்கள். ஊசியைத் தாங்கும் சாதாரண காட்ரிட்ஜுக்கு 2 கிராம் அளவு அழுத்தம் போதும்.

பாரிசில் லாச்சப்பல் பக்கம் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள், தட்டை அட்டை உறைக்கு வெளியே, உள்ளுறையோடு தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே இருந்தால் பயணத்தில் ஆடி ஆடி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும். யாழ்ப்பாண வெக்கைக்கு, ஓட்டுக்குக் கிட்ட அலுமாரிக்கு மேலே படுக்கப் போட்டால் சித்திரைக்குள் நெளியும். அலுமாரியின் அடித்தட்டில், வெயில் படாத சுவர்ப் பக்கமாக நிமிர்த்தி வையுங்கள்.