'மீத்திறன் குழந்தை' என்று சொல்லி என் மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

அந்த வகுப்புக்காரர்கள் இன்று காலையும் போனை எடுக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மூன்று மாதச் சம்பளம்! வயதுக்கு மீறிய அறிவுள்ள தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மீத்திறன் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் வகுப்பில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

மகனுக்கு ஏழு வயது. கணக்கை முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் சொன்னதால்தான் தேடினேன். இலவசத் தேர்வு என்றார்கள். போனில் 20 நிமிடம். மறுநாள் ஒரு மேடம் வீடியோ காலில் வந்தார். இவன் அவரிடம், "கடைசி எண் எது? அதோடு ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டான். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். "இவனைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும்" என்றார். அங்கேதான் விழுந்தேன். அதிகப்பிரசங்கி என்றே பேர் வாங்கிய பிள்ளையின் பேச்சை ஒருவர் குறித்துக்கொள்வதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐக்யூ 142 என்று சான்றிதழ் வந்தது. அன்று இரவே ஒரு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டேன்.

அப்புறம் அந்த மேடத்தைப் பார்க்கவே இல்லை. பதிவு செய்த வீடியோக்களும் பயிற்சித்தாள்களும்தான் வந்தன. ஒரு தாளின் அடியில் 'வகுப்பு 4' என்றிருந்ததை வெள்ளைக் கட்டம் வைத்து மறைத்திருந்தார்கள். பாதி எழுத்து வெளியே தெரிந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு வழி உண்டு. என்ரிச்மென்ட் என்றால் ஒரு விஷயத்தை இன்னும் ஆழமாக, பல பக்கங்களிலிருந்தும் பார்க்கவைப்பது. மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவது ஆக்சிலரேஷன், அது வேறு. இங்கே நாலாம் வகுப்புத் தாளைத் தூக்கிப் போட்டதோடு சரி, இரண்டுமே இல்லை. 40 பெருக்கலை முடித்தால் இன்னொரு 40. சீக்கிரம் முடிக்கிற பிள்ளைக்கு அது தண்டனை இல்லையா? மூன்றாவது வாரம், "எனக்குக் கணக்கே வேண்டாம்மா" என்று தாளைத் தள்ளிவிட்டான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு, "பையனுக்குக் கவனச் சிதறல், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார்கள். 142 என்று சொன்ன அதே வாய்! பெற்றோர் குழுவில் விசாரித்தால் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் அதே 142. ஏறக்குறைய 400 பேரில் ஒருவர்தான் அந்த அளவை எட்டுவார். கேட்ட அன்றே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் அவர்களிடமே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. வகுப்பை விற்பவரே நடத்தும் தேர்வை நம்பாதீர்கள். வெக்ஸ்லர் போன்ற முறையான ஐக்யூ தேர்வைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் குழந்தையை எதிரில் உட்காரவைத்துத்தான் நடத்துவார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். நேரடி வகுப்பு ஒன்றைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

இப்படிப் போன பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.